மணிக்கூண்டுக் கடிகாரம் ஏன் நின்றது?

நின்றுபோன மணிக்கூண்டைப் பார்த்தால் "பழசாகிவிட்டது, இனி ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பெரும்பாலும் அது உண்மையல்ல. கோபுரக் கடிகாரத்தின் சட்டம் வார்ப்பிரும்பு. பெரிய சக்கரங்கள் பித்தளை அல்லது கன்மெட்டல் என்ற வெண்கல வகை. அவற்றோடு பல் கோக்கும் சின்னப் பினியன்கள் எஃகு. மிக மெதுவாகச் சுற்றும் இயந்திரம் என்பதால் தேய்மானம் குறைவு. இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் 1386-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் இரும்புக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. 150 வயதுக் கடிகாரம் வயதால் சாவதில்லை. சாவி கொடுக்க ஆளில்லாமல் நிற்கும், தப்பான இடத்தில் எண்ணெய் விட்டதால் நிற்கும், பெயிண்டர் பூசிய பெயிண்ட்டால்கூட நிற்கும். இதையெல்லாம் தாண்டினால், கடிகாரத்துக்கு வெளியே சுவரில் தொங்கும் முட்களால் நிற்கும்.

இந்தக் கடைசிக் காரணம்தான் பலருக்கும் பிடிபடாதது. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் முள் என்பது ஒரு தகடு. அதன் கனத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. மணிக்கூண்டில் அப்படியில்லை. மெல்லிய சக்தியில் ஆடும் ஊசல் ஒருபுறம். காற்றிலும் மழையிலும் நிற்கும் நாலு ஜோடி முட்கள் மறுபுறம். இரண்டும் ஒரே சக்கரத் தொடரில் மாட்டப்பட்டிருக்கின்றன. ஊசலுக்குத் தொந்தரவு கூடாது, முள்ளோ தொந்தரவைத் தவிர வேறெதையும் உள்ளே அனுப்புவதில்லை. கோபுரக் கடிகாரக் கலையின் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றிடமிருந்து ஒன்று காப்பாற்றுவதுதான்.

எவ்வளவு சக்தி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முட்களை ஓட்டும் சக்கர வரிசையான ஓட்டத் தொடருக்கு 100 கிலோ எடை, ஒரு வாரத்தில் 10 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சக்தி 9,810 ஜூல். ஒரு வாரத்துக்கு 6,04,800 நொடி. வகுத்தால் 0.016 வாட். ஒரு சின்ன இண்டிகேட்டர் எல்.இ.டி.கூட இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் குடிக்கும். இந்தத் துளிச் சக்தியில்தான் ஊசலும் ஆட வேண்டும், நாலு முகப்பின் முட்களும் சுற்ற வேண்டும்.

இப்போது முள்ளைப் பாருங்கள். ஒவ்வொரு முள்ளின் வாலிலும், அல்லது முகப்புக்கு உள்ளே அதே ஷாஃப்டிலும், ஓர் எதிரெடை இருக்கும். முள் எந்த நிலையில் இருந்தாலும் சமநிலையில் நிற்க வேண்டும் என்பதற்காக அது. யாரோ முள்ளைக் கழற்றிப் பெயிண்ட் அடித்து மாட்டும்போது எதிரெடையை விட்டுவிட்டார்கள், அல்லது கனமான புது முள் செய்து பழைய எதிரெடையையே வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு கிலோ கூடுதல். ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு முள் ஏறும் அரை மணி நேரத்தில் அந்த ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்க வேண்டும்: கிட்டத்தட்ட 10 ஜூல். மேலே சொன்ன கடிகாரத்துக்கு அரை மணிக்குக் கிடைக்கும் மொத்தச் சக்தியே 29 ஜூல். ஒரே ஒரு முகப்பில் ஒரே ஒரு கிலோ, மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மீதியில் உராய்வும் ஊசலும் பிழைக்க வேண்டும்.

அதனால் நின்ற கடிகாரத்தைப் பழுதுபார்க்கப் போகிறவர் மேலே ஏறுவதற்கு முன் கீழே தெருவிலேயே ஒரு நிமிடம் நின்று முகப்பைப் பார்ப்பது நல்லது. பெரிய முள் 35-க்கும் 55-க்கும் நடுவில், அதுவும் 45-ஐ ஒட்டி நின்றிருக்கிறதா? சமநிலை கெட்ட முள்ளை முதலில் சந்தேகப்பட வேண்டும். கிடைமட்டமாக நிற்கும்போதுதான் அதன் கனம் முழுதாக இழுக்கும். மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது நின்றதா? அந்த நேரத்தில் ஓட்டத் தொடர், மணியடிக்கும் தொடரை விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கிக்கொண்டிருக்கும். நெம்புகோலின் பிவட், அதாவது அது சுழலும் முனை, இறுகியிருக்கலாம். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றோடொன்று பொருந்தாத நிலையில், உதாரணமாகப் பெரிய முள் பன்னிரண்டில் இருக்கச் சின்ன முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால், கோளாறு கடிகாரத்தில் இல்லை. முகப்புக்குப் பின்னால் இருக்கும் 12-க்கு 1 பல்சக்கரங்களிலோ முள்ளின் பிடிப்பிலோ இருக்கிறது. முட்கள் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் நின்றிருந்தால், அவை உரசுகின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். வாரத்தில் குறிப்பிட்ட ஒரே நாளில் நிற்கும் கடிகாரமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலு முகப்பும் நாலு நேரம் காட்டும் கதை உலகம் முழுக்க இருக்கிறது. அயர்லாந்தின் கார்க் நகரில் ஷாண்டன் கோபுரத்துக்கு "நாலு முகப் பொய்யன்" என்றே பட்டப்பெயர். உள்ளே இருப்பது ஒரே கடிகாரம்தான். அதிலிருந்து ஒரு செங்குத்துத் தண்டு மேலே போய், பெவல் கியர் என்ற சாய்பல் சக்கரக் கூட்டத்தில் நாலாகப் பிரிந்து, நாலு கிடைத்தண்டுகள் வழியாக முகப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் பிளே, அதாவது தளர்வு, இருக்கும். பெரிய முள்ளுக்கு ஒரு நிமிடம் என்பது 6 டிகிரி. அப்படியானால் 1 டிகிரி பிளே 10 நொடி. மூன்று இணைப்புகளில் தேய்மானம் சேர்ந்து 6 டிகிரி ஆகிவிட்டால் ஒரு முழு நிமிடம். இதோடு முள்ளின் சமநிலையும் கெட்டிருந்தால் வேடிக்கை கூடுகிறது: பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு இறங்கும்போது முள் தன் கனத்தால் முன்னே சரிந்து முந்தும், ஆறைத் தாண்டி ஏறும்போது பின்னே சாய்ந்து பிந்தும். ஒரே முகப்பு கால் மணிக்கு முந்தியும் முக்கால் மணிக்குப் பிந்தியும் காட்டினால் கடிகாரத்தைத் திருத்தப் போகாதீர்கள். எதிரெடையைத் திருத்துங்கள்.

பிக் பென் என்று உலகம் அறிந்த லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கோபுரத்தில் முதலில் வார்ப்பிரும்பு முட்களைப் பொருத்தினார்கள். கனம் தாங்கவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் 2.7 மீட்டர் மணி முள்ளைக் கன்மெட்டலிலும், 4.2 மீட்டர் நிமிட முள்ளை உள்ளீடற்ற செப்புத் தகட்டிலும் செய்தார்கள். இன்றும் இருப்பது அந்த அமைப்புதான். இத்தனை செய்தும், 1949-இல் பறவைக் கூட்டமொன்று நிமிட முள்ளில் போய் உட்கார்ந்தபோது கடிகாரம் நாலரை நிமிடம் பிந்தியது. 1962-இன் கடைசி இரவில் பனி படிந்து, புத்தாண்டே ஏறக்குறைய பத்து நிமிடம் தாமதமாக அடித்தது.

அந்தக் கடிகாரத்தின் கதை இங்கே உதவும். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் கடிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்று அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு நிபந்தனை வைத்தார்: ஒவ்வொரு மணியின் முதல் அடியும் ஒரு நொடிக்குள் சரியாக விழ வேண்டும். கோபுரக் கடிகாரத்துக்கு அது அன்றைக்குப் பேராசை. முடியாது என்று கைதேர்ந்த கடிகாரக்காரர்களே சொன்னார்கள். வழி கண்டவர் எட்மண்ட் பெக்கெட் டெனிசன், தொழிலில் வழக்கறிஞர்! அவர் வடிவமைத்ததைச் செய்தது டெண்ட் குடும்பத்தின் பட்டறை. 1859 மே 31-இல் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

டெனிசனின் தீர்வு கிராவிட்டி எஸ்கேப்மென்ட். எஸ்கேப்மென்ட் என்பது ஊசலின் ஆட்டத்துக்கேற்பச் சக்கரத் தொடரைப் பல் பல்லாக விடுவித்து, ஊசலுக்கும் ஒரு தள்ளல் கொடுக்கும் அமைப்பு. சாதாரண எஸ்கேப்மென்ட்டில் சக்கரத் தொடரின் தள்ளுவிசை நேராக ஊசலுக்குப் போகிறது. காற்று முள்ளை எதிர்த்தால் தள்ளுவிசை குறைகிறது. முள்ளின் போக்கிலேயே வீசினால் கூடுகிறது. ஊசலின் வீச்சு அதற்கேற்ப மாறி நேரமும் மாறும். கிராவிட்டி எஸ்கேப்மென்ட்டில் சக்கரத் தொடருக்கு ஒரே வேலை, ஒரு சின்னக் கையைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கி வைப்பது. ஊசலைத் தள்ளுவது கீழே இறங்கும் அந்தக் கைதான். அதன் கனமும் மாறாது, விழும் உயரமும் மாறாது. எனவே வெளியே புயலடித்தாலும் ஊசலுக்குக் கிடைக்கும் தள்ளல் ஒன்றே. ஒரு கெடுதி உண்டு: தொடர் வேகமாகப் பாய்ந்தால் கை இடறி, எஸ்கேப்மென்ட் பல அடிகளை ஒரே நேரத்தில் தாண்டிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த அமைப்பின் சக்கரமான எஸ்கேப் வீலின் தண்டிலேயே ஒரு சின்ன விசிறி. அந்த விசிறியைத் தேவையில்லாத உறுப்பு என்று கழற்றி ஓரமாக வைத்தால், கடிகாரம் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் முந்தக்கூடும்.

எல்லாக் கோபுரத்திலும் இது இருக்காது. பெரும்பாலும் ஆங்கர் வகை, ஆங்கிலக் கடிகாரக்காரர் கிரஹாம் பரவலாக்கிய டெட்பீட் வகை, ஐரோப்பியக் கண்டத்துக் கடிகாரங்களில் பின்வீல் வகை என்று பார்க்கலாம். எந்த வகையானாலும், எஸ்கேப் வீலைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட்டின் முகத்தில் அந்தச் சக்கரத்தின் பல் உரசி உரசி ஒரு பள்ளம் விழும். நகத்தை வைத்து இழுத்தாலே தெரியும். பள்ளம் ஆழமானால் முகத்தைத் தேய்த்து மெருகிட வேண்டும். பேலட்டைச் சக்கரத்தின் பருமனுக்குள் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திப் புது முகம் கொடுப்பது இன்னும் நல்லது, உலோகம் வீணாகாது.

ஊசலுக்கு வருவோம். 1656-இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் மாட்டிய பிறகுதான் நிமிட முள்ளுக்கே அர்த்தம் வந்தது. அதற்கு முந்தைய கோபுரக் கடிகாரங்கள் நாளுக்குக் கால் மணி நேரம்கூடத் தவறும். சாலிஸ்பரிக் கடிகாரத்துக்கு முகப்பே கிடையாது, மணி மட்டும்தான். ஊசலின் ஒரு வீச்சு எத்தனை நொடி என்பதை அதன் நீளமே தீர்மானிக்கிறது: 1 நொடி வீச்சுக்கு 0.994 மீட்டர், 1.25 நொடிக்கு 1.55, 1.5 நொடிக்கு 2.24, 2 நொடிக்கு 3.98 மீட்டர். கோபுரங்களில் நீள ஊசலும் கனத்த குண்டும் விரும்பப்படுவது, சின்னச் சின்னத் தொந்தரவுகளை அது பொருட்படுத்தாது என்பதால்.

திருத்தும்போது மனதில் வைக்க வேண்டிய எண் 43,200, அதாவது ஒரு நாளின் நொடிகளில் பாதி. ஊசலின் நீளம் எவ்வளவு பங்கு மாறுகிறதோ அதை 43,200-ஆல் பெருக்கினால் நாளுக்கு எத்தனை நொடி மாறும் என்று வந்துவிடும். 1.5 நொடி ஊசலில் குண்டைத் தாங்கும் அடிநட்டின் புரி இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்று நாளுக்கு 19 நொடி. எட்டில் ஒரு சுற்று இரண்டரை நொடிக்குச் சற்றுக் குறைவு. குண்டை ஏற்றினால் வேகம், இறக்கினால் மெதுவு. நட்டைத் திருப்பும்போது குண்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முறுக்கு மேலே ஏறி, ஊசல் தொங்கும் மெல்லிய எஃகுப் பட்டையை மடித்துவிடும். மடிந்த பட்டையில் ஊசல் நேராக ஆடாது, குண்டு எட்டுப் போட்டுக்கொண்டு நெளியும். அந்தப் பட்டையில் எப்போதும் ஓர் உபரி கையிருப்பு இருப்பது நல்லது. மலிவான பொருள்தான், ஆனால் அது ஒடிந்தால் கனத்த ஊசல் அப்படியே கீழே இறங்கும்.

நொடிக்கணக்கில் திருத்த நட்டைத் தொடவே வேண்டாம். ஊசல் தண்டின் நடுவில் ஒரு சின்னத் தட்டு பொருத்தி, அதில் சிறு எடைகளை வைப்பதும் எடுப்பதும் போதும். தண்டில் எடை கூடினால் ஊசலின் ஈர்ப்பு மையம் மேலேறி வேகம் கூடுகிறது. நடு உயரத்தில் வைக்கும்போதுதான் விளைவு அதிகம். 100 கிலோ ஊசலின் நடுவில் 10 கிராம் வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 நொடி முந்தும். வெஸ்ட்மின்ஸ்டரில் இதற்குப் பழைய பென்னிக் காசுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு காசு நாளுக்கு 0.4 நொடி. இந்த முறையின் அருமை, கடிகாரத்தை நிறுத்தாமலேயே திருத்தலாம் என்பது.

வெப்பம் இன்னொரு எதிரி. எஃகுத் தண்டு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் நாளுக்கு அரை நொடி பிந்தும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 10 நொடி. பித்தளைத் தண்டு என்றால் டிகிரிக்கு 0.8. நன்றாக உலர்ந்து வார்னிஷ் பூசிய நேரிழை மரத்தண்டு 0.2 மட்டுமே, ஆனால் வார்னிஷ் உரிந்தால் ஈரப்பதம் குடித்து நீளும். இரும்பும் துத்தநாகமும் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய் வைத்து, ஒன்று கீழே நீளும்போது மற்றது மேலே நீளும்படி செய்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்; வெஸ்ட்மின்ஸ்டர் ஊசல் அந்த வகை. 1896-இல் இயற்பியலாளர் கியோம் கண்டுபிடித்த, சூட்டில் மிகக் குறைவாகவே நீளும் இன்வார் உலோகக் கலவை வந்தபின் இந்தக் குழாய் வித்தைக்குத் தேவை குறைந்துவிட்டது.

வாரத்தில் ஒரே நாளில் நிற்கும் கடிகாரம் என்றேனே, அது இங்கே வருகிறது. எடை இறங்கிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் அதன் வடத்தின் நீளம் ஊசலின் நீளத்துக்குச் சமமாகும். ஊசலின் ஆட்டம் சட்டத்தின் வழியாக வடத்துக்குப் போய், எடையும் சேர்ந்து லேசாக ஆடத் தொடங்கும். எடை ஆடுவதற்கான சக்தி ஊசலிடமிருந்தே போகிறது. வீச்சு சுருங்கிக் கடைசியில் நின்றுவிடும். கைவைத்து ஆட்டிவிட்டால் மீண்டும் ஓடும், அடுத்த வாரம் அதே நாள் நிற்கும். பில்லி சூனியம் என்று பேசும் அளவுக்கு இது ஆட்களைக் குழப்பியிருக்கிறது. தீர்வு எளிது: சட்டத்தின் போல்ட்டுகளை இறுக்குவது, அடிமரம் உளுத்திருந்தால் மாற்றுவது, முடிந்தால் ஊசலைச் சட்டத்திலிருந்து எடுத்து நேராகக் கல்சுவரில் பதித்த தாங்கியில் தொங்கவிடுவது.

எண்ணெய் விஷயத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. எண்ணெய் விட வேண்டியது பிவட்டுகளுக்கும் பேலட்டின் முகத்துக்கும். அதுவும் ஒரு துளி. சக்கரப் பற்களுக்கு விடவே கூடாது. பல்லில் எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும். அந்தத் தூசித் துகள் மென்மையான பித்தளைப் பல்லில் போய்ப் பதிந்துகொண்டு எஃகுப் பினியனை உப்புத்தாள் போல அறுக்கும். தேய்வது பித்தளை இல்லை, எஃகு என்பதைப் பார்த்துப் பலர் நம்ப மறுப்பார்கள். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், சில மாதத்தில் பிசினாகிவிடும். புதிய எண்ணெய் விடுமுன் பழையதைத் துடைத்தெடுக்க வேண்டும். மேலே மேலே விட்டால் உள்ளே கறுப்புக் கூழ்தான் சேரும். முகப்புக்குப் பின்னால், மழைச் சாரல் படும் பல்சக்கரங்களுக்கும் கம்பிவடத்துக்கும் கிரீஸ் சரி.

சாவி கொடுப்பது முரட்டு வேலை போலத் தெரியும், ஆனால் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான கடிகாரங்கள் எட்டு நாள் ஓடும்; வாரம் ஒருமுறை, குறித்த நாளில் கொடுத்தால் ஒரு நாள் கையிருப்பாக இருக்கும். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள். கைப்பிடி மாட்டியிருக்கும்போது அடிக்கும் தொடர் விடுபட்டால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை ஒடிக்கும். ஓட்டத் தொடருக்குச் சாவி கொடுக்கும்போது எடையின் இழுப்பு நீங்குவதால் கடிகாரம் நின்றுவிடும். அதற்காக ஒரு துணை விசை இருக்கும். பழைய கடிகாரங்களில் சாவி போடும் துளையை ஒரு தகடு மூடியிருக்கும், நெம்புகோலைத் தூக்கினால்தான் தகடு விலகும், தூக்கும்போதே துணை விசையும் மாட்டிக்கொள்ளும். மறக்க முடியாதபடி செய்த ஏற்பாடு. அந்தத் தகடு இடைஞ்சலாக இருக்கிறது என்று சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பிறகு கடிகாரம் வாரத்துக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது என்று புகார்!

சுற்றும்போது, உருளையைப் பின்னோக்கிச் சுழலவிடாமல் தடுக்கும் ராட்செட்டின் நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் மழுங்கினால் நாக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வடம் உருளையில் ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும். மாதம் ஒருமுறை வடத்தைத் துணியால் பிடித்துக்கொண்டே இறங்கவிட்டால் அறுந்த இழைகள் துணியில் மாட்டும்; வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். எடை இறங்கும் குழியின் அடியில் மணல் நிரப்பிய பெட்டி இருக்க வேண்டும், அந்த இடத்தை யாரும் சாமான் அறையாக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: எடை தொங்கும் நிலையில் ஊசலையோ பேலட்டையோ கழற்றவே கூடாது. எஸ்கேப் வீல் விடுபட்டால் தொடர் முழுவதும் ஒரே நொடியில் வெறிகொண்டு சுற்றிப் பற்களை உதிர்த்துவிடும். முதலில் எடையைக் கீழே இறக்கித் தாங்கலில் வை, பிறகு ஸ்பேனரைத் தொடு.

அடிக்கும் தொடருக்கு அதிகச் சக்தி வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் 78 அடி, நாளுக்கு 156. 20 கிலோ சுத்தியலை 20 சென்டிமீட்டர் தூக்க 39 ஜூல். நாளுக்கு 6,100 ஜூல். மேலே சொன்ன ஓட்டத் தொடரின் ஒருநாள் செலவைப்போல நான்கு மடங்குக்கு மேல். கால்மணி ராகமும் உண்டென்றால் இன்னும் கனம்: வெஸ்ட்மின்ஸ்டர் ராகத்தில் மணிக்கு 40 அடி, நாளுக்கு 960. அங்கே 1913-இல் மின்மோட்டார் வந்தபோது முதலில் அதை மாட்டியது அடிக்கும் தொடர்களுக்குத்தான். ஓட்டத் தொடருக்குத் தொடர்ந்து கையால்தான் சாவி.

அடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது காற்றை வெட்டிச் சுழலும் பெரிய விசிறி. அது தண்டில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்காது. தொடர் சட்டென்று நிற்கும்போது விசிறி மட்டும் கொஞ்சம் வழுக்கிச் சுற்றி அடங்க வேண்டும். பெயிண்ட்டோ பிசினாகிப்போன எண்ணெயோ அந்த வழுக்கலை அடைத்துவிட்டால் ஒவ்வொரு நிறுத்தமும் தண்டுக்கு ஓர் உதை. 1976 ஆகஸ்ட் 5 அதிகாலையில் வெஸ்ட்மின்ஸ்டரில் விசிறித் தண்டு உலோகச் சோர்வால் முறிந்தது. தடை போனதும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை தடதடவென இறங்க, கால்மணித் தொடர் கட்டுக்கடங்காமல் சுற்றி வெடித்துச் சிதறியது. முழுமையாகப் பழைய நிலைக்கு வர 1977 மே ஆனது. பெரிய கடிகாரங்களின் தண்டுகளில் விரிசல் சோதனை ஏன் தேவை என்பதற்கு இது ஒரு பாடம். சின்னக் கோபுரங்களிலும் பெரும் பழுதுக்குப் பிரிக்கும்போது சாயம் தடவிப் பார்க்கும் சோதனையைச் செய்துவிடுவது நல்லது, செலவு அதிகமில்லை.

சுத்தியல் மணியை அடித்ததும் விலகி நிற்க வேண்டும். ஓய்வு நிலையில் மணிக்கும் சுத்தியலுக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாங்குவது ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தால் சுத்தியல் மணியின்மேலேயே படுத்து, நாதம் எழாமல் தகரத்தில் தட்டியதுபோல் கேட்கும். அதைவிட மோசம், அதிரும் மணியில் அது படபடவென்று மோதி விரிசலுக்கு வழி செய்யும். சத்தம் போதவில்லை என்று கனத்த சுத்தியல் மாட்டுவதும் ஆபத்து. வெஸ்ட்மின்ஸ்டரின் 13.7 டன் பெரிய மணி 1859 ஜூலையில் ஒலித்து, செப்டம்பரிலேயே விரிசல் கண்டது. வார்ப்பாலை சொன்ன அளவைவிட இரு மடங்குக்கு மேல் கனமான சுத்தியலால் அடித்திருந்தார்கள். நான்கு ஆண்டுகள் அது மௌனம். ஏரியின் யோசனைப்படி மணியைச் சற்றுத் திருப்பி அடி விழும் இடத்தை மாற்றி, சுத்தியலையும் 200 கிலோவாகக் குறைத்த பிறகே மீண்டும் ஒலித்தது. விரிசல் இன்றும் அப்படியே இருக்கிறது.

மின்மயமாக்கல் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கறாரானது. சாவி கொடுக்க மோட்டார் வையுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆளில்லாமல் நிற்பதைவிட அது மேல். ஆனால் ஊசலையும் சக்கரத் தொடரையும் ஓரங்கட்டிவிட்டு முகப்புக்குப் பின்னால் சிங்க்ரனஸ் மோட்டார் மாட்டுவதை "சீரமைப்பு" என்று கல்வெட்டில் பொறிக்காதீர்கள். அந்த மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பி ஓடுவது. 2018-இன் தொடக்கத்தில் ஐரோப்பியக் கண்டத்து மின்கட்டமைப்பில் அலைவெண் சில வாரங்கள் 50-க்கு ஒரு துளி குறைந்திருந்ததால், அதை நம்பிய கடிகாரங்கள் எல்லாம் ஆறு நிமிடம் வரை பிந்தின. மின்சாரம் போய் வந்தால் யாராவது மேலே ஏறித் திருத்த வேண்டும். ஜி.பி.எஸ். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் குறையைப் போக்கும், ஆனால் இடிமின்னலில் முதலில் போவதும் அதுதான். கோபுர உச்சியில் வேறென்ன எதிர்பார்ப்பது? எந்த மாற்றமானாலும் பழைய சட்டத்தில் புதுத் துளை போடாமல் கவ்விகளால் பொருத்துங்கள். கழற்றிய உறுப்புகளைப் பெயரெழுதிய பெட்டியில் அதே அறையில் வையுங்கள். வெளியே எடுத்துப்போன உறுப்பு திரும்பி வருவது அபூர்வம்.

நேரம் திருத்தும்போது வெளியே போய் முள்ளைத் தள்ளக் கூடாது. கடிகாரத்தின் மேல் தண்டில் உள்ள கிளட்ச்சைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் சின்ன முகப்பைப் பார்த்துத் திருப்புங்கள். நாலு முகப்பும் சேர்ந்து நகரும். மூன்று நிமிடம் முந்தியிருந்தால் பின்னோக்கித் திருப்புவதைவிட, ஊசலை மூன்று நிமிடம் பிடித்து நிறுத்திவிடுவது பாதுகாப்பு. நோட்டு ஒன்று போட்டு நாள், பிழை எத்தனை நொடி, அறையின் வெப்பநிலை, சாவி கொடுத்த நேரம், தொட்டுத் திருத்தியது என்ன என்று எழுதுங்கள். ஒரு வாரக் கணக்கு சேராமல் நட்டைத் தொட வேண்டாம்.

கோபுர அறையைச் சுத்தம் செய்யப் போனால் காய்ந்த பறவை எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு, சுரண்டி எடுங்கள். அந்த எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா பித்தளையில் விரிசல் விழச் செய்யும், அதனால் திறப்புகளுக்குக் கம்பிவலை போடுவது அழகுக்காக அல்ல. முகப்பின் கண்ணாடிச் சில்லுகளில் ஒன்று திறக்கக்கூடியதாக இருக்கும், முள்ளை எட்டிப் பார்க்க. அதை மக்கு வைத்து நிரந்தரமாக மூடிவிடாமல் பெயிண்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள். முகப்பின் நிறத்தை முடிவு செய்யும் முன் பழைய பூச்சைச் சுரண்டி அடுக்கடுக்காகப் பார்ப்பதும் நல்லது. வெஸ்ட்மின்ஸ்டரில் 2017 முதல் 2022 வரை நடந்த சீரமைப்பில் அப்படிப் பார்த்தபோதுதான், எல்லோரும் கறுப்பு என்று நினைத்திருந்த முட்களும் எண்களும் முதலில் பிரஷ்யன் நீலமாக இருந்தது தெரிந்து, நீலத்துக்கே மாற்றினார்கள்.

இரவில் மணி அடிக்க வேண்டாம் என்று சுற்றியிருப்பவர்கள் கேட்பது நியாயம்தான். அதற்காக அடிக்கும் தொடரையே கட்டிப்போடாதீர்கள். பெரும்பாலான கோபுரக் கடிகாரங்களில் எத்தனை அடி என்பதை முடிவு செய்வது விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய எண்ணிக்கைச் சக்கரம். அதற்கு முள் எங்கே இருக்கிறது என்று தெரியாது, போன முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவு பத்தோடு நிறுத்திவிட்டுக் காலை ஆறுக்கு விடுவித்தால் அது பதினொன்று அடிக்கும். ஊரே சிரிக்கும். சுத்தியலின் கம்பியை மட்டும் இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்ன ஏற்பாடு போதும். தொடர் சத்தமில்லாமல் தன் எண்ணிக்கையை ஓட்டிக்கொண்டிருக்கும், விடிந்ததும் கம்பியை விட்டால் சரியாக அடிக்கும். ஏற்கெனவே கணக்குத் தவறியிருந்தால், விடுவிக்கும் நெம்புகோலைக் கையால் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு முறையும் முழுதாக அடித்து முடிக்க விட்டு, முள் காட்டும் மணி வரும் வரை கொண்டு வாருங்கள். பகலில் செய்யுங்கள், கீழே ஒருவரை நிறுத்தி, மணி சும்மா அடிக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.